வெப்சைட்டால் வீங்கிய கால்

"புது வெப்சைட்டு வந்ததிலேர்ந்து என் கால் வீங்கிப்போச்சு. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

ஒரு புதன்கிழமை காலை, விழுப்புரத்தில் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும் கண்ணில் பட்ட முதல் கமெண்ட் இது. எழுதியவர் பெயர் 'திண்டிவனம் ஜெயந்தி' என்று இருந்தது. நான் புதிதாக டிசைன் செய்துகொடுத்த வெப்சைட் வெளியாகி அன்று மூன்றாவது நாள். கலர் பிடிக்கவில்லை, எழுத்து பொடியாக இருக்கிறது, பழசே தேவலை என்று அதுவரை எத்தனையோ திட்டு வந்திருந்தது. கால் வீக்கம் மட்டும் வரவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அட்மின் லாகினில் போய், "அம்மா, வெப்சைட்டுக்கும் கால் வீக்கத்துக்கும் சம்பந்தமில்லை. நல்ல டாக்டராகப் பாருங்கள்" என்று பதில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ கொஞ்சம் சூடு. குடித்துவிட்டு வருவதற்குள் அந்தப் பதிலின் கீழே அறுபத்து மூன்று பேர் என்னைப் பிரித்து மேய்ந்திருந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால், "மேடம், எந்த சாஃப்ட்வேர் படிச்சா நல்லது?" என்று கேட்கிறார்கள். சாஃப்ட்வேர் வருஷத்துக்கு ஒன்று மாறும். நான் அவர்களுக்குச் சொல்ல நினைப்பது அந்த ஒரு வாரத்துக் கதையைத்தான். என் அசட்டுத்தனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1. வேலை வந்த விதம்

நான் நாற்பது வயதுக்கு மேல் வெப் டிசைன் கற்றுக்கொண்டவள். அதற்கு முன் பதினைந்து வருஷம் டி.டி.பி. ஆபரேட்டர். விழுப்புரம் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்காவது நான் பத்திரிகை டைப் அடித்திருப்பேன். எங்கள் முதலாளி ரஹீம் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். பத்திரிகை, விசிட்டிங் கார்டு தொழில் படுத்தபோது கடையை மூடாமல், "வசந்தாம்மா, இனிமே வெப்சைட்டுதான். ஜல்தியா கத்துக்க" என்றார். கற்றுக்கொண்டேன். ஆனாலும் சென்னையிலிருந்து வரும் டிசைனர்களுக்குக் கைவேலை செய்துகொடுப்பவளாகவே மூன்று வருஷம் ஓடியது. முழுதாக என் பொறுப்பில் வந்த முதல் சைட் இதுதான்.

அது சீசன் டிக்கெட்காரர்கள் சங்கத்தின் சைட். விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனத்திலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் செங்கல்பட்டு, தாம்பரம், எழும்பூர் என்று வேலைக்குப் போய்வருகிறவர்கள். அவர்களில் யாரோ ஒருவர் எப்போதோ செய்துவைத்த சைட். பாசிப் பச்சை நிறத்தில் பக்கம், மேலே இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு குட்டி ரயில் படம், அதன் கீழே யார் வேண்டுமானாலும் பெயரைப் போட்டு எழுதலாம் என்று ஒரு பெட்டி. அவ்வளவுதான். வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று நானும் கேட்டேன். குரூப் வைத்துப் பார்த்தார்களாம். குட்மார்னிங் பூவும் கட்சிச் சண்டையுமாகி மூன்று குரூப்பாக உடைந்துவிட்டதாம். பெண்களுக்கு முன்பின் தெரியாதவர்களிடம் போன் நம்பர் போவதும் பிடிக்கவில்லை. சைட்டில் நம்பர் கேட்பதில்லை, பெயர் போதும்.

சங்கச் செயலாளர் தணிகாசலம் வந்து உட்கார்ந்து பட்டியல் போட்டார். "மேடம், பாக்க பளிச்சுன்னு இருக்கணும். ரயில்வே ஆபீசருங்க தொறந்து பாத்தா, யாரு இவங்கன்னு நிமிர்ந்து உக்காரணும்." லோகோ, சங்க வரலாறு, இதுவரை கொடுத்த மனுக்கள், அவர் சால்வை வாங்கிய போட்டோ ஏழு. அத்தனையும் எழுதிக்கொண்டேன். வேறு ஏதாவது உண்டா என்று இரண்டு தடவை கேட்டேன். "அவ்ளோதான் மேடம்" என்றார்.

பழைய சைட்டின் டேட்டாபேஸை இறக்கிப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. அதில் முக்கால்வாசி ஒரே வார்த்தை. "வர்றேன்." தினமும் காலையில் முப்பது பேர், நாற்பது பேர். மேலே வர்றேன், கீழே வர்றேன், அடுத்த நாளும் அதே ஆட்கள், அதே வர்றேன். எங்கே வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், ஒன்றும் கிடையாது. வேலைவெட்டி இல்லாதவர்கள் விளையாடுகிறார்கள் என்று முடிவுகட்டினேன். மொத்தத்தையும் துடைத்தேன். இனியும் வராமல் இருக்க ஸ்பேம் ஃபில்டர் ஒன்று வைத்தேன். ஒற்றை வார்த்தை மட்டும் போட்டால் அது வெளியே தெரியாது. "நன்றி, உங்கள் பதிவு பரிசீலனையில் உள்ளது" என்று வரும். பிறகு நான் பார்த்து அனுமதித்தால் உண்டு, இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும்.

ஆறு வாரம் உழைத்தேன். வெள்ளைப் பின்னணி, நீலத் தலைப்பு, அழகான ஃபாண்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சைட்டை மேலே ஏற்றிவிட்டு, வீட்டில் கேசரி கிளறினேன். அவ்வளவு சந்தோஷம்.

2. வரவேற்பு

திங்கட்கிழமை காலையில் கமெண்ட்கள் வரத் தொடங்கின. கேசரி கிளறிய சந்தோஷம் இறங்கிவிட்டது.

"கண்ணு கூசுது. ஆஸ்பத்திரி சுவரு மாரி கீது."

"செயலாளர் போட்டோ ஏழு கீது, டைம் டேபிள் எங்க?"

"எங்க ரயிலு எங்க? மேல ஓடிக்கினு இருந்துச்சே, அந்த ரயிலு?"

அந்த ரயிலை மட்டும் இருபது பேர் கேட்டிருந்தார்கள். ஓடும் படத்தையெல்லாம் இந்தக் காலத்தில் யார் வைப்பார்கள் என்று முதலில் முறுக்கிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மனசு இளகி, பழைய பேக்கப்பிலிருந்து அதை எடுத்துத் திரும்ப ஓடவிட்டேன். போட்டோ ஏழை ஒன்றாக்கினேன். எழுத்தையும் பெரிதாக்கினேன். திட்டு குறையவில்லை, கூடியது.

அதில் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. "நான் வேலைக்குப் போறதுக்கு யாருங்க பரிசீலனை பண்றது?" யாரோ நையாண்டி செய்கிறார்கள் என்று சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

இதற்கு நடுவில் தினமும் பத்து மணிக்கு நான் ஒரு காரியம் செய்துவந்தேன். பரிசீலனைப் பட்டியலைத் திறப்பேன். நாற்பது வர்றேன் நிற்கும். "எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பு" என்று ஒரு கிளிக். வாசல் பெருக்கியது போல இருக்கும். திட்டுகள் எல்லாம் நீளமாக இருந்ததால் என் ஃபில்டர் அவற்றைத் தாராளமாக உள்ளே விட்டது.

புதன்கிழமை கால் வீக்கமும் அதற்கு நான் சொன்ன வைத்தியமும் நடந்தபின் ரஹீம் பாய் கூப்பிட்டார். போனை என் முன்னால் வைத்தார்.

"இன்னாம்மா இது? கஸ்டமரை டாக்டர்கிட்ட போன்னு எழுதிக்கினு?"

"பாய், கால் வீங்கினதுக்கு நாமளா பொறுப்பு?"

"பொறுப்போ இல்லையோ, ஊரே பேசுது. ஒரே பேஜாரா போச்சு. திங்கக்கிழம காலையில நான் வந்து பாப்பேன். இந்தச் சத்தம் அடங்கலன்னா பழைய சைட்ட தூக்கி மேல போட்டுடுவேன். நீ மறுபடி சென்னை ஆளுங்க குடுக்குற வேலையப் பாரு."

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் ஆறு வார உழைப்பு, முதன்முதலாக என் பெயரில் வந்த வேலை, அந்தப் பாசிப் பச்சையிடம் தோற்பதா? அழுகை வந்தது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

என் வீடு திண்டிவனத்தில். தினமும் பஸ்ஸில் விழுப்புரம் வருவேன், அதாவது இவர்கள் போகும் திசைக்கு நேர் எதிர்த் திசை. அந்தப் பாசஞ்சரில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. இவர்களுக்கு அப்படி என்னதான் குறை என்று நேரில் பார்த்துவிடுவது என்று மறுநாள் காலை செங்கல்பட்டுக்கு டிக்கெட் எடுத்தேன். அங்கே இறங்கித் திரும்பிவிடலாம் என்று திட்டம். நான் யார் என்று சொல்லக்கூடாது என்றும் தீர்மானம்.

3. மூன்றாவது பெட்டி

திண்டிவனத்தில் ரயில் வந்து நின்றதும் தள்ளுமுள்ளு. கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் மூன்றாவது பெட்டிக்குள் வைத்தது. உள்ளே ஒரே சண்டை. சீட்டில் பை வைத்திருந்த ஒருவரை இன்னொருவர், "யாருக்குய்யா எடம் புடிக்கிற? ஆளு வருதா வரலையான்னே தெரியாம!" என்று கத்திக்கொண்டிருந்தார். பை வைத்தவர், "தெரிஞ்சா நான் ஏன்யா உன்கிட்ட பேச்சு வாங்கப்போறேன்!" என்று பதிலுக்குக் கத்தினார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும், ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டிருந்தார். இன்னொரு காலில் கணுக்கால் வரை பேண்டேஜ். எனக்குத் திக்கென்றது.

ஜன்னலோரம் இருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார். "ஜெயந்தி, நீயா? இன்னிக்கும் வர்றியா? உன் பேரே இல்லையேன்னு உன் எடத்த வேற ஆளுக்கு உட்டுட்டேனேடி!"

"நான் எழுதினேன் மல்லிகா. திங்கக்கிழமைலேர்ந்து தெனம் எழுதுறேன்."

"எங்க எழுதின? இதோ பாரு, ஒருத்தரு பேரும் கெடையாது. புது சைட்டு புடிக்காம யாருமே எழுதறதில்லன்னு நெனச்சிக்கினு இருக்கோம்."

மல்லிகா தன் போனைத் திருப்பிக் காட்டினார். என் வெள்ளைப் பின்னணி, என் நீலத் தலைப்பு, மேலே குட்டி ரயில் குதூகலமாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே பெட்டி காலி.

கொஞ்சம் தடுமாறி, "எதுக்குங்க தெனமும் எழுதணும்?" என்று கேட்டேன்.

"நீங்க புதுசா?" என்றார் மல்லிகா. கெடாரிலிருந்து விழுப்புரம் வந்து ரயில் ஏறுகிறவர் அவர், தாம்பரத்தில் ஒரு லேபில் வேலை. "ரயிலு விழுப்புரத்துல காலியா கெளம்பும். திண்டிவனத்துல ஏறுறவங்களுக்கு எடமே இருக்காது. முன்னல்லாம் ஆளாளுக்கு துண்டு போட்டு எடம் புடிச்சி தெனம் அடிதடி. அப்புறம் எல்லாரும் சேந்து ஒரு முடிவு பண்ணோம். காலையில வண்டி கெளம்புறதுக்கு முன்ன யாரு சைட்டுல வர்றேன்னு எழுதுறாங்களோ, அவங்களுக்கு மட்டுந்தான் எடம். கால் வலி, மாசமா இருக்குறவங்க, வயசானவங்க, அவங்களுக்கு மொதல்ல. எழுதலன்னா எடம் நிக்கிறவங்களுக்கு. சண்ட ஓஞ்சி போச்சி. ஆறு வருசமா நல்லா போய்க்கினு இருந்துச்சு. எவனோ வந்து டிசைன் பண்றேன்னு கெடுத்துட்டான்."

"எவன் இல்ல, எவளோ ஒருத்தி" என்றார் ஜெயந்தி. "என்னை டாக்டரைப் பாக்கச் சொன்னா."

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஜெயந்தி என் பக்கம் திரும்பி, ஏதோ நெடுநாள் பழகியவரிடம் சொல்வது போலச் சொன்னார். "துணிக்கடையில வேலைங்க. பத்து மணி நேரம் நின்னுக்கினே இருக்கணும், கஸ்டமரு இல்லன்னாலும் குந்தக் கூடாது. இந்த ரயில்ல குந்துறதுதான் எனக்கு ரெஸ்டு. அதுவும் நாலு நாளா போச்சு."

அதற்குமேல் என்னால் ஒளிய முடியவில்லை. "அந்த எவளோ ஒருத்தி நான்தாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஜெயந்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டாக்டரைப் பாத்தேங்க" என்றார். "நிக்காதீங்கன்னாரு."

முதலில் மல்லிகா வெடித்துச் சிரித்தார். பிறகு சீட்டுக்குச் சண்டை போட்ட இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது. யாரோ ஒருவர் எழுந்து ஜெயந்தியை உட்காரவைத்தார். யாரோ என் கையில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேகவைத்த வேர்க்கடலை ஒரு பிடி வைத்து, "துன்னுக்கினே சரி பண்ணுங்க மேடம்" என்றார்.

நின்றபடியே போனில் அட்மின் பக்கத்தைத் திறந்தேன். ஃபில்டரை எடுத்தேன். அன்று காலையின் பட்டியலை முழுதாக அனுமதித்தேன். பிறகு குப்பையைத் திறந்தேன். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் நான் பெருக்கித் தள்ளியவை அப்படியே கிடந்தன. எல்லாவற்றையும் திரும்ப எடுக்கவா என்று போன் கேட்டது. எடு என்றேன்.

"வந்துட்டாங்கப்பா!" மல்லிகா கூவினார். "இதோ ஜெயந்தி! குமரன்! விக்கிரவாண்டி சாரு! எல்லாரும் வந்துட்டாங்க!"

எல்லோரும் போனை எடுத்தார்கள். பக்கம் முழுக்க வர்றேன், வர்றேன், வர்றேன். குப்பை என்று நான் நினைத்த அத்தனை பேரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும், அவரவர் பெயரைத் தொட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பாரு, நான் திங்கக்கிழமயே எழுதியிருக்கேன். நம்பலையே நீ!" என்று ஒருவர் நண்பரின் முதுகில் அடித்தார். அவ்வளவு சந்தோஷத்தை நான் செய்த எந்த டிசைனும் யாருக்கும் கொடுத்ததில்லை.

செங்கல்பட்டில் இறங்கியதும் செயலாளருக்குப் போன் போட்டேன். இவ்வளவு முக்கியமானதை ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்" என்றார் தணிகாசலம். "அதுவுமில்லாம எனக்கு விழுப்புரத்துக்கே மாத்தலாகி ரெண்டு வருசமாச்சு. நான் இப்ப ரயில்ல போறதில்ல."

4. பொத்தான்

ஒரு தவறு செய்தவள் அடக்கமாக இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. எழுதுகிற சிரமம் எதற்கு என்று வெள்ளிக்கிழமையே பக்கத்தின் உச்சியில் பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று வைத்தேன். ஒரு தட்டுத் தட்டினால் 'வர்றேன்' என்று பதிவாகும். பச்சை நிறம்கூட அவர்களுடைய பழைய பாசிப் பச்சை. பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை வந்த முதல் கமெண்ட், "நான் லீவுல பொம்மையார்பாளையம் பீச்சுல கீறேன். போனு பாக்கெட்டுல அமுங்கி வர்றேன்னு போயிடுச்சி. எனக்கு எடம் புடிக்காதீங்க!" இன்னொருவர் வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை போனை வைத்துக்கொண்டு பதினேழு தடவை வந்துவிட்டாள். மல்லிகா எழுதியிருந்தார்: "கையால எழுதுனாதான் வர்ற ஆளு வரும். பொத்தான் வேணாம் மேடம், எடுத்துடுங்க." எடுத்துவிட்டேன். இந்தத் தடவை யாருக்கும் எந்த வைத்தியமும் சொல்லவில்லை.

5. திங்கட்கிழமை

ரஹீம் பாய் கொடுத்த கெடு அன்று. ஒன்பது மணிக்கு அவர் ஆபீசில் சைட்டைத் திறப்பார் என்று தெரியும். நான் ஆபீசுக்குப் போகாமல், முந்தின நாள் இரவு கிளறிய கேசரியைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தப் பெட்டிக்கு நான் பட்ட கடனாகத் தோன்றியது. கிளம்புவதற்கு முன், என் சொந்தப் பெயரில், நானே செய்த சைட்டில், முதன்முதலாக எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

ரயில் வந்தது. மூன்றாவது பெட்டிக்குள் ஏறினால் மல்லிகா கை காட்டினார். ஜெயந்தி உட்கார்ந்திருந்தார், பேண்டேஜ் இல்லை. கேசரி கை மாறி மாறிப் போய், மேல்மருவத்தூர் வருவதற்குள் தூக்கு காலி. செங்கல்பட்டுப் பக்கம் வரும்போது போன் அடித்தது. பாய்.

"வசந்தாம்மா! எங்க இருக்க? சைட்டத் தொறந்தேன். ஐம்பது பேரு வர்றேன் வர்றேன்னு எழுதிக்கினு இருக்குறாங்க. உன் பேரு வேற கீது! எல்லாரும் சேந்து நம்ம ஆபீசுக்கா வர்றாங்க? ஷட்டர எறக்கிடவா?"

ஸ்பீக்கரில் கேட்டுப் பெட்டியே உருண்டு சிரித்தது. விளங்கவைக்க இரண்டு ஸ்டேஷன் ஆனது. கடைசியில் பாய் கேட்டார். "அப்ப அந்தக் கால் வீங்கின அம்மா? அவங்க இன்னும் திட்டிக்கினுதான் இருக்காங்களா?"

ஜெயந்தி போனை வாங்கினார். "வீக்கம் வத்திப்போச்சுங்க பாய். உங்க மேடம் சைட்டுலதான் சரியாச்சு."

பழைய சைட் மேலே வரவில்லை. என்னுடையதுதான் இன்றும் ஓடுகிறது, அந்தக் குட்டி ரயிலோடு. அதற்குப் பிறகு எத்தனையோ சைட்களைப் பிரித்துக் கட்டிவிட்டேன். எதை நீக்குவதானாலும், அதை எழுதிய ஆளை நேரில் பார்த்து, இது எதற்கு என்று கேட்காமல் கை வைப்பதில்லை. பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். அந்தப் பதில் அவர்கள் கொடுத்த பட்டியலில் இருக்காது, டேட்டாபேஸும் சொல்லாது.

அன்று நான் எங்கே உட்கார்ந்து அந்தப் போனைப் பேசினேன் என்று சொல்லவில்லையே. ஏறியதும் நான் போன தடவை போலக் கம்பியைத் தேடினேன். மல்லிகா சீட்டிலிருந்த ஒரு கைக்குட்டையை எடுத்துவிட்டு, "எழுதியிருந்தீங்களே, குந்துங்க" என்றார்.